பெயர் கேட்டவன் ஆண்ட ஆண்டு

நெடுந்தீவு ஏட்டில் அரசர்களுக்குப் பெயர் இல்லை.

பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னபோது என் ஆய்வு மேற்பார்வையாளர் சிரித்தார். ஏட்டின் படிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, பெயரில்லாத அரசனை வைத்து எந்த ஆண்டையும் நிறுவ முடியாது, வேறு தலைப்பு எடுங்கள் என்றார். நான் எடுக்கவில்லை. அந்தத் தலைப்பிலேயே எழுதிப் பட்டம் பெற்றேன்.

ஏட்டைத் தொடங்கியவர் கூவலடிகள். பறங்கியர் வருவதற்கு முன், நல்லூரில் அரசர் இருந்த காலத்தில், எங்கிருந்தோ ஒரு துறவி தோணியில் வந்து இறங்கினார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. தீவின் மேற்கில் ஒரு கிணறு வெட்டினார். கூவல் என்பது கிணற்றுக்குப் பழைய சொல். அதனால் கூவலடிகள். கிணறு இன்னும் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் உவர். எங்களுக்குப் பழகிவிட்டது.

அடிகள் ஆண்டுக்கு ஒரு செய்தி எழுதினார். அதன் முதல் பகுதி தீவை ஆண்டவனுக்கு. மற்றது தீவு மக்களுக்கு. ஆண்டவனுக்குப் பெயர் கிடையாது. தீவிடம் அவன் எதைக் கேட்டானோ அதுதான் அவனுக்கு அடையாளம். மக்களுக்கோ பெயரும் உண்டு, தகப்பன் பெயரும் உண்டு. முதல் ஓலையில் இப்படி இருக்கிறது:

மாடு கேட்டவன் ஆண்ட யாண்டு. மழை இல்லை. பூதன் மகள் சாத்தி தன் வீட்டுக் கூவலை ஊர்க்குத் திறந்தாள்.

மாடு கேட்டவன் யார் என்று நான் தேடினேன். இரண்டு அரசர்களில் ஒருவன் என்ற இடம்வரை வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சாத்தியின் வீடு இருந்த வளவு எது என்று கேட்டால் தீவில் யாரும் காட்டுவார்கள்.

நல்லூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து அரசரின் பெயரை எழுதும்படி சொன்னானாம். "உம்முடைய அரசரைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு நான் ஒருவன்" என்று அடிகள் சொன்னாராம். இதை எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பேன்.

அடிகளுக்குப் பிறகும் எழுத்து நிற்கவில்லை. பறங்கியர் வந்தார்கள். தீவில் பாதிப் பேர் கத்தோலிக்கராகி வேதத்தில் சேர்ந்தார்கள். கோயில்களை இடித்தவர்கள் ஏட்டையும் தேடினார்கள். வேதத்தில் சேர்ந்தவர்கள் அதைத் தேவாலயத்தில் பீடத்தின் அடியில் வைத்துக் காத்தார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கரைத் துரத்தினார்கள். அப்போது சைவர்கள் அதை மாட்டுக் கொட்டிலின் கூரைக்குள் செருகிக் காத்தார்கள். அதிலிருந்து ஒரு முறை வந்தது. ஏடு சைவர் வீட்டில் இருக்கும். வாசிப்பவர் கத்தோலிக்கர். எழுதுபவர் எவராகவும் இருக்கலாம், எழுத்து நேராக இருந்தால் போதும்.

சாய வேர் கேட்டவன், குதிரை கேட்டவன், தலைவரி கேட்டவன் என்று ஓலைகள் போகின்றன. போர்க்காலத்து ஓலைகளில் சில இப்படித் தொடங்கும்: பிள்ளை கேட்டவனும் அடையாள அட்டை கேட்டவனும் ஆண்ட ஆண்டு. எழுதியவர் அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

போன ஆவணியில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை எழுதிய இராயப்பு மாஸ்டர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். என் மனைவி துஷாந்திக்கு அந்தச் செய்தியில் என்னைவிடச் சந்தோசம். எழுத்தாணியால் கீறிப் பழக எனக்கு வெற்றோலைகளை அவள்தான் தேடித் தந்தாள்.

கார்த்திகை கடைசியில் அவள் இறந்தாள்.

அவள் தீவின் மருத்துவமாது. பிறந்தது நாரந்தனையில். என்னைக் கட்டி இங்கே வந்தவள். கார்த்திகையில் மழை விடாமல் பெய்து வயலும் வீதியும் ஒன்றாகின. எலிக்காய்ச்சல் வரும் என்று தடுப்பு மாத்திரைகள் வந்தன. விவசாயிகள் வாங்கிப் போட்டார்கள். கடற்றொழில் செய்பவர்கள் அது வயல்காரருக்கு வருகிற நோய் என்றார்கள். ஆனால் வள்ளத்தை இழுத்து விட்டுவிட்டு அவர்களும் அந்த வெள்ளத்துக்குள்ளால்தான் வீட்டுக்கு நடந்தார்கள். துஷாந்தி கரைக்குப் போனாள். ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று, "விழுங்கிப்போட்டு வாயைத் திறந்து காட்டுங்கோ" என்றாள். சவிரிமுத்து அண்ணை மாத்திரையை நாக்குக்குக் கீழே ஒளித்து மூன்று தடவை பிடிபட்டார். அதை அவரே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

மற்ற இடங்களில் ஆட்கள் இறந்தார்கள். தீவில் காய்ச்சல் வந்தவர்களும் தப்பினார்கள். அவள் மட்டும் தப்பவில்லை. அவளும் மாத்திரை போட்டவள்தான். சில உடம்புக்கு அது போதாது என்று யாழ்ப்பாணத்தில் வைத்தியர் சொன்னார்.

உடலை, தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்தோம். காற்று கடுமையாக இருந்தது. படகோட்டி அனோஜன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏற்றுங்கள் என்றான். பெட்டியைக் கட்டினோம். இறங்குதுறை பின்னால் சிறிதாகிப் போனது. நெடுந்தீவுக்குப் பாதித் தூரம் வருவதற்குள் தண்ணீர் இரண்டு பக்கத்தாலும் உள்ளே வந்தது. அனோஜன் என்னைப் பார்த்தான். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் படகைத் திருப்பினான். மறுநாளும் கடல் விடவில்லை. என் மாமி, அவளுடைய தாய் கத்தரீனா, உடலை இனி வைத்திருக்க முடியாது என்றார். நாரந்தனைக்குத் தரை வழியாகப் போய் அங்கே புதைத்தோம். எங்கள் துறையில் ஊர் இரண்டு நாளாகக் காத்து நின்றது என்று பிறகு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் சமைத்தேன், சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இனி ஏட்டின் விதியைச் சொல்ல வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயர் அதில் ஏறாது. இறந்தவரிலும், இந்த மண்ணில் புதைத்தவர் அல்லது எரித்தவர் பெயர் மட்டுமே ஏறும். எவ்வளவு நல்லவரானாலும் வேறு மண்ணில் கிடந்தால் இல்லை. இந்த விதியால்தான் தீவு பலமுறை தப்பியிருக்கிறது. தன் பெயரை எழுதச் சொன்ன ஒல்லாந்த அதிகாரி ஒருவனிடம், நீங்கள் இங்கேயே சாகச் சம்மதித்தால் யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

துஷாந்தி நாரந்தனையில் கிடக்கிறாள்.

அவள் பெயர் ஏட்டில் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே விருப்பம் அதுதான். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏடு எழுதுவது தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் அடிகளின் கிணற்றடியில் ஊர் கூடும். தேவாலயத்துக் கதிரைகளும் பிள்ளையார் கோயில் கதிரைகளும் கலந்து கிடக்கும். கிணற்றைச் சுற்றி, பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களால் அடுக்கிய மதில். அதன் முன்னால் ஒரு மேசை. மேசையில் மூன்று பேர். ஏட்டைக் காப்பவர் தியாகலிங்கம், ஓய்வுபெற்ற கிராம சேவகர். வாசிப்பவர் சவிரிமுத்து அண்ணை. எழுதுபவன் நான்.

எழுதுபவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏட்டின் கயிறு அவிழ்ந்ததிலிருந்து திரும்பக் கட்டும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது, கதிரையை விட்டு எழவும் கூடாது. ஊர் சொல்வதை எழுத வேண்டும். எழுத்தாணி கையில் இருப்பவன் பேச்சையும் கையில் எடுத்தால் ஏடு அவன் வீட்டுக் கதையாகிவிடும் என்று அடிகள் நினைத்திருக்கிறார்.

கயிறு அவிழ்ப்பதற்கு முன் சவிரிமுத்து அண்ணை என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். எழுத்தாணியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

"நீ எழும்பி நிண்டு துஷாந்திக்காகக் கதை தம்பி. நீ கேட்டா ஏலாது எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது."

உண்மைதான். வாய் வராது. எனக்காக இரங்கி விதியை மாற்றுவார்கள். அடுத்த ஆண்டு வேறு ஒருவருக்காக இரங்குவார்கள். அவள் பெயர் அப்படி ஏறுவதை நான் விரும்பவில்லை. நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அந்த ஆண்டு கூட்டத்துக்கு ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். பிரதி அமைச்சர் கோபிசங்கர். அவருடைய தகப்பன் நெடுந்தீவில் பிறந்தவர், கொழும்பில் உத்தியோகம் பார்த்து அங்கேயே இறந்தவர். அமைச்சர் நல்ல மாதிரி. எல்லோரையும் அண்ணை, அக்கா என்றார். இரண்டு பொடியன்கள் கைபேசியால் படம் பிடித்துக்கொண்டு பின்னால் திரிந்தார்கள். என்னிடம் வந்து கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். உங்கள் மனைவியின் பெயர் கட்டாயம் வரவேண்டும், நான் கதைக்கிறேன் என்றார். நன்றி என்றேன்.

தியாகலிங்கம் கயிற்றை அவிழ்த்தார். என் வாய் மூடியது.

சவிரிமுத்து அண்ணை முதல் ஓலையை வாசித்தார். கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல், ஒலிபெருக்கி வேண்டாம். மாடு கேட்டவன் என்று வந்தபோது ஊரார் ஒருவரும் அசையவில்லை. பூதன் மகள் சாத்தி என்றதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சைவர்களும் கத்தோலிக்கரும் கைக்குழந்தை வைத்திருந்தவர்களும் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு எப்போது எழுவது, எப்போது உட்கார்வது என்று பிடிபடவில்லை. அமைச்சர் அரசனுக்கு எழுந்தார், சாத்திக்கு உட்கார்ந்தார். பின்வரிசையில் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்துக்கொண்டார்.

பிறகு இந்த ஆண்டின் ஆளைப் பற்றிய பேச்சு. துஷாந்தியின் பெயரை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியவில்லை. பல பக்கத்திலிருந்தும் வந்தது. தியாகலிங்கம் கையை உயர்த்தினார்.

"அந்தப் பிள்ளை என்ர கால் புண்ணுக்கு நாலு மாசம் மருந்து கட்டினது. என்ர சொந்த மகள் கட்டேல்லை. ஆனா அவ நாரந்தனையில கிடக்கிறா. நான் என்ன செய்ய?"

 அப்போது அமைச்சர் எழுந்தார்.

அவர் நன்றாகப் பேசினார். அடிகளின் காலத்தில் மனிதர் பிறந்த இடத்திலேயே இறந்தார்கள், இன்று அப்படி இல்லை என்றார். தீவுக்காக உயிர் கொடுத்த ஒருத்தியை, கிடக்கும் இடத்தை வைத்துத் தள்ளிவிடுவது அடிகளுக்கே பிடிக்காது என்றார். விதி மனிதருக்காகத்தான் என்றார். துஷாந்தி வெள்ளத்தில் நடந்ததை அவளைப் பார்த்தவர் போலச் சொன்னார். சில பெண்கள் அழுதார்கள். அவளைப் பற்றி அவ்வளவு அழகாக அந்த ஊரில் ஒருவரும் பேசியிருக்கவில்லை. நானும் பேசியிருக்கவில்லை.

பிறகு அவர் சொன்னார், தன் தகப்பனும் அப்படித்தான் என்று. கொழும்பில் இருந்தாலும் தீவையே நினைத்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கதிரைகள் வாங்கிக் கொடுத்தவர். ஒரு விதியை மாற்றினால் இருவருக்கும் வழி திறக்கலாம். அந்த ஓலையில் அவர் பெயரும் வந்தால், ஏட்டுக்குக் குளிரூட்டிய கட்டடம் ஒன்று வரும், ஏடு முழுவதும் புத்தகமாக அச்சாகும்.

கூட்டத்தில் தலைகள் அசைந்தன. இரண்டு பேரையும் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று யாரோ கேட்டார்கள். கட்டடம் நல்லதுதானே என்றும் ஒருவர் சொன்னார். துஷாந்திக்காகவே பலர் ஓம் என்றார்கள், அது எனக்குத் தெரிந்தது. அவள் பெயர் ஏறுவதற்கு இனி தியாகலிங்கத்தின் ஒரு சொல்தான் இருந்தது.

தியாகலிங்கம் கயிற்றைக் கையில் எடுத்தார். ஏட்டைச் சுற்றத் தொடங்கினார். கயிறு கட்டினால் அந்த ஆண்டு வெறும் ஓலைதான், மறு பேச்சில்லை.

"இதுக்குத்தான் பயந்தனான். இண்டைக்கு அமைச்சருக்கு அப்பா. நாளைக்கு இன்னொருத்தருக்குப் பேரன். பேந்து ஏடு எங்கட கையில இராது. அந்தப் பிள்ளை என்னை மன்னிக்கட்டும்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி. நானும் அந்தக் கயிற்றைக் கட்டியிருப்பேன். அதே நேரம் கயிறு ஒரு சுற்று வந்தபோது என் நெஞ்சுக்குள் அவள் போனதிலிருந்து இல்லாத ஏதோ ஒன்று அசைந்தது. வலி என்றுதான் நினைக்கிறேன்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

எழுந்தவர் றஞ்சனியக்கா. அவருடைய கணவர் டிலோன் சில ஆண்டுகளுக்கு முன் வலைக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. கடல் கொண்டவர்களுக்கு அடிகள் ஒரு வழி வைத்திருக்கிறார். இறந்தவருடைய வளவு மதிலிலிருந்து ஒரு முருகைக்கல்லை எடுத்துக் கிணற்று மதிலில் வைக்க வேண்டும். அந்தக் கல் அவருடைய உடலுக்குப் பதில். கல் எடுத்த இடத்தை மறுபடி அடைக்கக் கூடாது. நெடுந்தீவில் கரையோரமாக நடந்தால் மதில்களில் அந்த இடைவெளிகளைப் பார்க்கலாம். வெளியூர் ஆட்கள் மதில் இடிந்திருக்கிறது என்று நினைப்பார்கள்.

றஞ்சனியக்கா அமைச்சரைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கட அப்பா செத்த நேரம் அவரை இஞ்ச கொண்டுவர வெளிக்கிட்டனீங்களோ?"

அமைச்சர் அந்தக் காலத்துப் பாதை நிலைமையைச் சொன்னார். அம்மாவின் சுகவீனத்தைச் சொன்னார்.

"நான் அதைக் கேக்கேல்லை. வெளிக்கிட்டனீங்களோ?"

"இல்லை."

"துஷாந்தி வெளிக்கிட்டவ. அனோஜன் ஏத்தினவன். அங்கால அவையள், இஞ்சால நாங்கள். நடுவில மறிச்சது ஆர்? என்ர மனுசனை மறிச்ச அதே கடல்தான். அவருக்குக் கல் வைச்சனீங்கள். இவவுக்கு ஏன் ஏலாது?"

தியாகலிங்கத்தின் கை நின்றது. ஆனால் அவர் விடவில்லை. கிடக்க இடம் உள்ளவருக்குக் கல் வைத்த வழக்கம் இல்லை என்றார்.

"நாரந்தனை அவவுக்குக் கிடைச்ச இடம் அண்ணை. அவ வர வெளிக்கிட்ட இடம் இது."

தியாகலிங்கம் அனோஜனைக் கூப்பிட்டார். அவன் முன்னால் வந்து நின்றான். படகு புறப்பட்டதா, எவ்வளவு தூரம் வந்தது, யார் திருப்பச் சொன்னது என்று கிராம சேவகராக இருந்த காலத்துக் குரலில் கேட்டார். அனோஜன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசியாக, "ஒருத்தரும் சொல்லேல்லை. கடல்தான் திருப்பினது" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டலாமா என்பது எனக்குத் தெரியாது.

தியாகலிங்கம் சுற்றிய கயிற்றை மறுபடி அவிழ்த்தார்.

"சரி. கல் வரட்டும்."

அமைச்சர் மெதுவாகக் கேட்டார், தன் தகப்பனுக்கு என்ன முடிவு என்று.

"உங்கட அப்பா நல்ல மனுசன். எனக்குத் தெரியும், என்னோட படிச்சவர். அவற்ற கதிரையிலதான் இண்டைக்கும் பிள்ளையள் இருக்குதுகள். ஆனா ஏட்டில இல்லை."

"அப்ப கட்டடம்?"

"கட்டினா நன்றி. கட்டாட்டி ஏடு என்ர அலுமாரியில இருக்கும். இவ்வளவு நாளும் இருந்ததுதானே."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் கட்டடம் நல்லது என்றவர் உட்பட எல்லோரும் கதிரையில் கொஞ்சம் நேராக இருந்தார்கள். நான் மேசையிலிருந்து பார்த்தேன். பீடத்தின் அடியிலும் கொட்டில் கூரையிலும் இதை ஒளித்தவர்களின் முகங்கள் இப்படித்தான் இருந்திருக்கும்.

வழக்கப்படி முதல் பகுதியை எழுத வேண்டும். சவிரிமுத்து அண்ணை கூட்டத்தைப் பார்த்து, இந்த ஆண்டு எங்களை ஆண்டவன் எங்களிடம் என்ன கேட்டான் என்று கேட்டார். மற்ற ஆண்டுகளில் இதற்குத்தான் சண்டை நடக்கும். வாக்குக் கேட்டவனா, காணி கேட்டவனா, பொறுமை கேட்டவனா என்று மத்தியானம்வரை இழுபடும். இந்த முறை பின்னால் இருந்து ஒரு பெண் குரல் உடனே வந்தது.

"பேர் கேட்டவன்."

கூட்டம் முழுவதும் சிரித்தது. தியாகலிங்கமும் சிரித்தார். அமைச்சரின் பொடியன்கள் படம் பிடிப்பதை நிறுத்தினார்கள். அமைச்சர் ஒரு நிமிடம் சிவந்துபோய் இருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

"கேட்டவர் எண்டாவது போடுங்கோ அண்ணை."

சவிரிமுத்து அண்ணை, "ராசாமாருக்கே நாங்கள் மரியாதை போடேல்லை, சேர்" என்றார்.

அமைச்சர் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, காற்று எழும்புவதற்கு முன் போகவேண்டும் என்று துறைப் பக்கம் நடந்தார். போகும்போது, எப்படியோ நானும் ஏட்டில் வந்துவிட்டேன் என்று பக்கத்தில் நடந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார். அது பொய்யில்லை.

கல் எடுக்க ஊர் புறப்பட்டது. நான் எழுந்து போக முடியாது. ஏடு திறந்திருக்கிறது. என் வீட்டு மதிலில் என் மனைவிக்கான கல்லை மற்றவர்கள்தான் எடுக்க வேண்டும். றஞ்சனியக்கா முன்னால் நடந்தார். சவிரிமுத்து அண்ணை ஒரு கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். சிறுபிள்ளைகள் ஓடினார்கள். கதிரைகள் எல்லாம் வெறுமையாகின.

கிணற்றடியில் தியாகலிங்கமும் நானும் மட்டும் இருந்தோம். அவர் கயிற்றைக் கையில் வைத்திருந்தார். நான் எழுத்தாணியை வைத்திருந்தேன். அவர் தன் கால் புண் ஆறியதைக் கொஞ்சம் சொன்னார். மருந்து கட்டும்போது துஷாந்தி அவரைப் பேசிய பேச்சுக்களைச் சொன்னார். சீனி போட்டுத் தேநீர் குடித்ததைக் கண்டுபிடித்து, அந்தக் கோப்பையையே வாங்கிக் கொண்டுபோய்விட்டாளாம். அந்தக் கோப்பை எங்கள் குசினியில் இருக்கிறது. யாருடையது என்று எனக்கு அதுவரை தெரியாது. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அது நல்லதாக இருந்தது.

ஊர் திரும்பி வந்தது. கல்லைச் சவிரிமுத்து அண்ணையும் அனோஜனும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அவ்வளவு பெரிய கல்லை எதிர்பார்க்கவில்லை. கிணற்று மதிலில் டிலோனின் கல்லுக்குப் பக்கத்தில் இடம் விட்டு அடுக்கினார்கள். வெயிலில் கிடந்த பக்கம் கறுப்பாகவும், மதிலுக்குள் இருந்த பக்கம் வெள்ளையாகவும் இருந்தது. வெள்ளைப் பக்கத்தை வெளியே பார்க்க வைத்தார்கள்.

இனி எழுத்து. சவிரிமுத்து அண்ணை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். ஊர் திருத்தியது. வெள்ளம் என்பதா மழை என்பதா என்று ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. நாரந்தனை யோசேப்பு மகள் என்று போடுவதா என ஒருவர் கேட்டார். தியாகலிங்கம், அடிகள் எந்த ஊர் என்று யாருக்காவது தெரியுமா என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் பெயரை நான் கடைசியாக எழுதியது வைத்தியசாலைப் படிவத்தில். அப்போது கை ஒன்றும் செய்யவில்லை, அது பாட்டுக்கு எழுதியது. ஓலையில் அப்படி எழுத முடியாது. அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் எழுத்து நிற்காது. துவுக்கும் ஷாவுக்கும் இடையில் கொஞ்சம் நிறுத்தினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. முழுவதும் எழுதிக் கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தேன். எழுத்து கறுப்பாகத் தெரிந்தது.

சவிரிமுத்து அண்ணை வாசித்தார்.

பெயர் கேட்டவன் ஆண்ட ஆண்டு. மழை மிகுந்து காய்ச்சல் வந்தது. யோசேப்பு மகள் துஷாந்தி கரையெங்கும் வீடெங்கும் நடந்து மருந்து கொடுத்தாள். மருந்து வாங்கிய ஒருவரும் சாகவில்லை. அவள் தீவுக்கு வரும் வழியைக் கடல் மறித்தது.

முதல் வாக்கியத்துக்கு யாரும் அசையவில்லை. இரண்டாவதற்கும் அசையவில்லை. அவள் பெயர் வந்ததும் எழுந்து நின்றார்கள். கதிரைகள் பின்னால் தள்ளுப்பட்ட சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. எழுதுபவன் எழக் கூடாது. ஊர் முழுவதும் நிற்க நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அரசர்களைப் பார்த்து எழாத சனம் அது. அவளுக்கு எழுந்து நின்றது.

தியாகலிங்கம் ஏட்டைக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"இனி நீர் கதைக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் றஞ்சனியக்காவிடம் கேட்டேன்.

"எந்தப் பக்கத்துக் கல்லக்கா?"

"வாசல் படலைக்குப் பக்கத்தில. அவ சைக்கிள் சாத்திறது அதிலதானே. ஹாண்டில் உரசி உரசிக் கல்லில ஒரு அடையாளமே கிடந்தது. வேற எதை எடுக்கிறது?"

வீட்டுக்கு நடந்து வந்தேன். இடைவெளி நான் நினைத்ததைவிடப் பெரியது. மேலிருந்த கற்கள் சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் நன்றாக முண்டு கொடுத்திருந்தார்கள். அதற்குள்ளால் வீதி தெரிந்தது. பக்கத்து வளவு ஆடு ஒன்று ஏற்கெனவே அதைக் கண்டுபிடித்து, முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு முருங்கைக் கன்றைத் தின்றுகொண்டிருந்தது.

விரட்டினேன். போய்த் திரும்ப வந்தது. கன்றைச் சுற்றி ஒரு துண்டு வலையைக் கட்டினேன். இனி ஒவ்வொரு நாளும் அது வரும். அந்த இடத்தை அடைக்க எனக்கு உரிமையில்லை.